இல்லாத கடைக்குப் பூட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சிமென்ட் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போகும் வழியில், செம்மண்டலூர் என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. அங்கே குப்பை கிடையாது. சாக்கடை அடைப்பு கிடையாது. எரியாத தெருவிளக்கு கிடையாது. பேரூராட்சி வெளியிடும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கும். ஊரை நேரில் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஆனால் அவர்கள் பார்த்தது வெறுங்கண்ணால். வெறுங்கண்ணுக்கு அலுவலக முத்திரை கிடையாது.

இந்த ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முருகையன் டிபன் கடை நடத்தி வந்தார். கல்லாவில் அவர், அடுப்படியில் மனைவி அமிர்தவல்லி. பொங்கலுக்குப் பேர் போன கடை. பேர் போகாத சங்கதி ஒன்றும் கடையை ஒட்டி இருந்தது. வெங்காய மண்டியின் சருகு, கோழிக்கடை இறகு, இளநீர்க் கூடு, கிழிந்த சாக்கு என்று ஊர் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, மேடாகி, இப்போது கடைச் சுவரில் உரிமையோடு சாய்ந்து நின்றது. வாடிக்கைக்காரர்கள் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பொங்கல் சாப்பிடப் பழகிவிட்டார்கள். சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு வேன் பிடித்துப் போகிற வெளியூர்க்காரர்கள், இது ஏதோ இந்தப் பக்கத்து வேண்டுதல் போலிருக்கிறது என்று தாங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் காரணம் விளங்கியது.

பக்கத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தவர் நைனா முகமது பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் உலக விவகாரம் எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். மனு எழுதிக்கொண்டு போய்க் கால்கடுக்க நிற்கிற காலமெல்லாம் போய்விட்டது, பேரூராட்சி ‘தூயகாட்சி’ என்று ஒரு செயலி விட்டிருக்கிறது, போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று அவர்தான் யோசனை சொன்னார். முருகையன் குப்பையை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்து, அது முழுசாக விழுகிற மாதிரி நின்று, படம் எடுத்து அனுப்பினார்.

மறுநாளே சுகாதார மேற்பார்வையாளர் தமிழழகன் வந்தார். முருகையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேரூராட்சிக்காரர் ஒருவர் கூப்பிட்ட மறுநாள் வருவது அந்த ஊரில் கல்யாணச் செய்தி மாதிரி. தமிழழகன் குப்பையை ஒரு படம் எடுத்தார், ஒரு டீ குடித்தார், போய்விட்டார். மத்தியானம் முருகையனின் போனுக்குப் பதில் வந்தது. ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. தூய செம்மண்டலூர் தங்களை வணங்குகிறது.’

கூடவே ஒரு படம். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்த மாதிரி செம்மண் தரை. குப்பை மருந்துக்குக்கூட இல்லை. ஒரு காக்கை மட்டும் தரையிலிருந்து இடுப்புயரத்தில், ஒன்றுமில்லாததன் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. முருகையன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். காக்கை அதே உயரத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே குப்பையும் இருந்தது.

அவர் படத்தை அடுப்படிக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினார். அமிர்தவல்லி கரண்டியை வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

“போன மூக்குக்கிட்ட வச்சுப் பாருங்க. அதுல நாத்தம் போயிருக்கும்” என்றாள்.

முருகையன் நியாயஸ்தர். எங்கோ ஏதோ தவறு நடந்திருக்கிறது, சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பிப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். அலுவலக வாசலில் ஒரு சாக்கடை வழிந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. அதே வாசல், அதே படி, சாக்கடை இருந்த இடத்தில் பச்சைப் புல். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லைத் தாண்டி உள்ளே போனார்.

செயல் அலுவலர் ராஜராஜன் தனியாக இருக்கும்போதும் மைக் முன்னால் நிற்பவர் மாதிரிதான் பேசுவார். புகாரைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. தன் திட்டத்தை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வாய்த்தது அவருக்கு.

“முருகையன் அவர்களே, குப்பை என்பது அடிப்படையில் ஒரு காட்சிக் கோளாறு. பார்க்க ஆள் இருந்தால்தான் அது குப்பை. எங்களைப் பார்க்கிற மேலிடம் எதைப் பார்க்கிறது? படத்தைப் பார்க்கிறது. எங்கே பார்க்கிறார்களோ அங்கேதானே சுத்தம் செய்ய வேண்டும்? முன்பெல்லாம் அள்ளிய குப்பையைக் கொட்ட இடமில்லாமல் பக்கத்து ஊராட்சியோடு அடிதடி. இப்போது அள்ளுகிறோம், ஆனால் எங்கேயும் கொட்டுவதில்லை. இதைவிடச் சுத்தமான நிர்வாகம் இருக்க முடியுமா?”

முருகையன் இருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, குப்பை இன்னும் அங்கேயே இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ராஜராஜன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். முருகையனால் காட்ட முடியவில்லை.

கணினி இயக்குபவள் சுமதி, வேலையில் கெட்டிக்காரி. எப்படிச் செய்வது என்று அவருக்குச் செய்தே காண்பித்தாள். வேண்டாததன் மேல் விரலால் தேய்த்தாள். அது மறைந்தது. மறைந்த இடத்தில் விழுந்த ஓட்டையை, அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதே ஜாடையில் ஒன்றைப் போட்டுச் செயலியே நிரப்பிக்கொண்டது. தெருநாய் போன இடத்தில் தெரு வந்தது. குழி போன இடத்தில் தார் வந்தது. ஒரு தெருவில் வரிசையாக நின்று குடத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்த பெண்களைத் தேய்த்தாள், வரிசையாக அரளிச் செடி வந்தது. இதற்கு அலுவலகத்தில் ‘நீக்கல் – நிரப்பல்’ என்று பெயர். இந்த விரல் வேலையும் இனிமேல் இல்லை, வரும் திங்கள் முதல் புதுப் பதிப்பு, படம் ஏறியதுமே வேண்டாததை அதுவே கண்டுபிடித்து அதுவே எடுத்துவிடும், மனிதக் கை படாத நிர்வாகம் என்றார் ராஜராஜன். மனக்குறை மிச்சம் இருந்தால் இன்னொரு புகார் அனுப்பும்படியும், அதையும் நீக்கித் தருவதாகவும் சொல்லி வழியனுப்பினார்.

திங்கட்கிழமை முருகையன் இன்னொரு புகார் அனுப்பினார். அங்கேதான் வினை பிடித்தது.

குப்பை கடைச் சுவரில் சாய்ந்து நின்றதல்லவா? புதுப் பதிப்பு அதைப் பார்த்தது. எதுவரை குப்பை, எங்கிருந்து கடை என்று அதற்குப் பிடிபடவில்லை. புகை படிந்த ஓடு, கரி பிடித்த அடுப்பு, வெளியே தொங்கிய வாழைத்தார், கல்லாவில் முண்டா பனியனோடு முருகையன் என்று மொத்தத்தையும் ஒரே இனமாகச் சேர்த்து அள்ளிவிட்டது. அள்ளிய இடத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மதில்சுவரை நீட்டி, அதன் முன்னால் ஒரு வேப்பமரத்தை நட்டது. சுவரில் ஒரு வாசகம்கூட எழுதியிருந்தது. தமிழ் எழுத்து மாதிரிதான் இருந்தது, ஆனால் எந்தத் தமிழனாலும் வாசிக்க முடியாது. அந்த விழிப்புணர்வு வாசகத்தை மாவட்டத்திலிருந்து பாராட்டினார்கள் என்று பின்னால் தெரியவந்தது.

“குப்பையோட நம்மளையும் வாரிட்டானுங்க” என்றாள் அமிர்தவல்லி.

நைனா முகமது பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தை வாங்கித் தன் கடை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பெயர்ப் பலகையில் பாதி போயிருந்தது. மிச்சமிருந்த பாதிக்கு அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனார்.

சிரித்துவிட்டுப் போகிற காரியமாக அது முடிந்திருக்கும். ஆனால் கடையின் தொழில் உரிமம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காத கடைக்குப் பேரூராட்சி பூட்டுப் போட்டுவிடும். கேஸ்காரர் சிலிண்டர் இறக்க மாட்டார். முருகையனுக்கும் அமிர்தவல்லிக்கும் அந்த அடுப்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. வழக்கம்போலப் புதுப்பிக்கப் போனவரிடம், அந்த இடத்தில் கடை இல்லை, சுவரும் வேப்பமரமும்தான் இருக்கின்றன என்று திரையைப் பார்த்துச் சொன்னாள் சுமதி.

பக்கத்தில் தமிழழகன் நின்றிருந்தார். அன்று காலை முருகையன் கடையில் சாப்பிட்ட சாம்பார், சட்டையில் பொத்தானுக்குக் கீழே இன்னும் ஈரமாக இருந்தது. முருகையன் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

“சார், காத்தால நம்ம கடையிலதான சாப்ட்டீங்க? நீங்களே சொல்லுங்க.”

“சாப்ட்டேன்ங்க. பொங்கல் நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?” என்றார் தமிழழகன். “ஆனா எனக்குத் தெரியறது ரெக்கார்டு கெடையாது பாருங்க. படத்துல இல்லாத கடையில நான் சாப்ட்டேன்னு எழுதிக் குடுத்தா, வேப்பமரத்துல போயி என்னய்யா சாப்ட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க.”

வழி ஒன்று உண்டு என்று சுமதி இரக்கத்தோடு சொன்னாள். கடை இருப்பதைக் காட்டும் படம் ஒன்றைச் செயலியில் ஏற்றினால் போதும். முருகையன் ஏற்றினார். செயலிக்கு ஒருமுறை குப்பையென்று பட்டது பட்டதுதான். சுவரும் மரமும் வந்தன. பெயர்ப் பலகையைக் கழுவி, மாலை போட்டு எடுத்தார். மாலை மட்டும் வேப்பமரத்தில் தொங்கியது. கடைசியில் அமிர்தவல்லி, நான் நிற்கிறேன், என்னை எப்படி எடுப்பான் பார்க்கிறேன் என்று கரண்டியோடு வாசலில் போய் நின்றாள். அவளை எடுக்கவில்லை. கடையை எடுத்துவிட்டு, கரண்டி இருந்த கையில் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்து, ஓட்டை விழுந்த இடத்துக்கு இன்னொரு கையும் போட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பேரூராட்சியிலிருந்து அமிர்தவல்லி பெயருக்கு அறிவிப்பு வந்தது. பொது வேப்பமரத்தின் அடியில் அனுமதியின்றி நிற்கும் பெண்மணி உடனடியாக அகல வேண்டும்.

“மரம் ஒண்ணு வச்சுக் குடுத்தா அகலறேன்னு சொல்லுங்க. நெழலாச்சும் இருக்கும்” என்று அவள் அறிவிப்பை வடை மடிக்க எடுத்துக்கொண்டாள்.

மரம் பதிவேறிவிட்டபடியால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தினமும் ஒரு தண்ணீர் வண்டி வந்தது. ஓட்டுநர் முதல் நாள் மரத்தைத் தேடினார். கிடைக்காததால் மரம் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பார்த்து, முருகையன் கடை வாசலில் ஊற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். படத்தில் வேப்பமரம் நனைந்து செழிப்பாக இருந்தது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த பெண்கள் இதைக் கேள்விப்பட்டு, வண்டி வரும் நேரத்துக்கு மரத்தடியில் வந்து வரிசை கட்டினார்கள். அந்தப் பகுதியில் அரளிச் செடி நன்றாக வளர்வதாகச் செயலி பதிவு செய்தது.

இதற்கிடையே செம்மண்டலூருக்கு மாசற்ற பேரூராட்சி விருது கிடைத்துவிட்டது. பாராட்டு விழாவை மாரியம்மன் கோயில் திடலில் நடத்தினார்கள். மேடைக்குப் பின்னால் பனைமர உயரத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் முருகையன் கடை இருந்த, அதாவது இல்லாத, இடம்தான் பிரதானமாக இருந்தது. முருகையன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் எழுந்து நின்று, அது என் கடை இருக்கிற இடம் என்றார்.

ராஜராஜன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மைக்கை நெருங்கினார்.

“இந்த நண்பரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை அவர் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒரு பேரூராட்சி எப்போது சிறப்பாகச் செயல்பட முடியும்? மக்கள் குறுக்கே வராதபோது. நமது படங்களை உற்றுப் பாருங்கள். ஒரு மனிதராவது இருக்கிறாரா? அதனால்தான் இத்தனை அழகு. செம்மண்டலூரில் வசிப்பவர்கள் அனைவருக்கும், இந்தப் படங்களில் இல்லாமல் ஒத்துழைத்தமைக்காக, என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கூட்டம் கைதட்டியது. தங்களைத்தான் பாராட்டுகிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது.

மாதம் முடிந்தது. முருகையனுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, கடையே இல்லாததால் உரிமம் தர இயலாது. இன்னொன்று, உரிமம் இல்லாமல் கடை நடத்துவதால் கடைக்கு முத்திரை வைக்கப்படும். முருகையன் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். இல்லாத கடையை எப்படி சார் பூட்டுவீங்க என்று கேட்டார். இரண்டும் வெவ்வேறு பிரிவு, ஒரு பிரிவின் வேலையில் இன்னொரு பிரிவு தலையிடுவது மரபல்ல என்று ராஜராஜன் விளக்கினார். வக்கீல் குமாஸ்தாகூட இத்தனை மரியாதையாகக் குடியைக் கெடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு முருகையன் திரும்பினார். அன்று அமிர்தவல்லி எதுவும் கேலி பேசவில்லை. சட்டிகளை ஒவ்வொன்றாகத் துலக்கிக் கவிழ்த்தாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

முத்திரை வைக்க ராஜராஜனே வந்தார். விருது வாங்கிய இடம் என்பதால் நேரில் வருவது பொருத்தம் என்று நினைத்திருப்பார். தமிழழகன் பூட்டும் அரக்கும் கொண்டுவந்தார், சுமதி படம் எடுக்கிற கருவியைக் கொண்டுவந்தாள். காலை வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டவர்களை இலையோடு எழுப்பி வெளியே நிறுத்தினார்கள். அவர்கள் ஒரு கையில் இலையும் மறு கையில் மூக்குமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கதவைச் சாத்தினார்கள், பூட்டினார்கள், அரக்கைக் காய்ச்சி ஊற்றினார்கள், ராஜராஜன் தன் பையிலிருந்து அலுவலக முத்திரையை எடுத்துத் தன் கையாலேயே அழுத்தினார். அமிர்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. அந்தப் பேரூராட்சியில் படம் ஏறாத காரியம் நடந்த காரியம் ஆகாது. ராஜராஜன் போட்ட சட்டம் அது. சுமதி படம் எடுத்து ஏற்றினாள்.

சுவர் வந்தது. மரம் வந்தது. சுவருக்கு முன்னால் தமிழழகன் கையில் பூட்டைப் பிடித்த பாவனையில் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுபடி எடுத்தார்கள். பூட்டை மட்டும் கிட்டத்தில் எடுத்தார்கள். வேப்பம்பழம் வந்தது. பின்னால் போய் எடுத்தார்கள், சாய்ந்து எடுத்தார்கள், கூரைமேல் ஏறி எடுத்தார்கள். கடைசியில் ராஜராஜனுக்குப் பொறுமை போய், என்னை வைத்து எடு, என்னைக்கூடவா அதற்குத் தெரியாது என்று கதவோடு ஒட்டி, பூட்டின் மேல் கைவைத்து, நிமிர்ந்து நின்றார். சுமதி எடுத்தாள். ஏற்றினாள். பார்த்தாள். கருவியை அவரிடம் நீட்டினாள்.

கடையோடு ஒட்டி நின்றவரைச் செயலி கடையோடு சேர்த்து எடுத்துவிட்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் மதில்சுவர் இடைவெளி இல்லாமல் ஓடியது.

இதோடு போயிருந்தால்கூட மானம்தான் போயிருக்கும். ஆனால் வெளியே போகிற பணியாளர்கள் அங்கே போனார்களா, டீக்கடையில் உட்கார்ந்தார்களா என்று பிடிப்பதற்காக, வருகைப் பதிவையும் இதே படத்தோடு கோத்து வைத்தவர் ராஜராஜன். கொஞ்ச நேரத்தில் மாவட்டத்திலிருந்து தானாகவே ஒரு செய்தி வந்தது. செம்மண்டலூர் செயல் அலுவலர் பணியிடத்தில் காணப்படவில்லை. அலுவலக முத்திரை அவர் வசம் உள்ளது. முத்திரையுடன் தலைமறைவானது குறித்து இன்று மாலைக்குள் விளக்கம் தரவும்.

ராஜராஜன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, மைக் இல்லாத குரலில் முதல் தடவையாகப் பேசினார்.

“நான் இங்கதானே இருக்கேன். இவங்க எல்லாரும் பாக்கறாங்களே.”

“எங்களுக்குத் தெரியறது ரெக்கார்டு கெடையாதுங்களே சார்” என்றார் முருகையன். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை மரியாதையாகச் சொன்னார். தமிழழகன் வேறு பக்கம் பார்த்தார்.

பெஞ்சைக் கொண்டுவந்து வெளியே போட்டு, ராஜராஜனை உட்காரவைத்து, ஆளாளுக்கு யோசித்தார்கள். காலையில் முருகையன் கடையில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள் சுமதி. ஆனால் அங்கே கடையே இல்லை என்று அலுவலகமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இல்லாத கடையில் இருந்தேன் என்று சொன்னால், இல்லை என்று சொன்னதற்குச் சமம்தான். ஆகக்கூடி, செயல் அலுவலர் இன்று காலை உலகத்தில் இருந்தார் என்று நிரூபணம் ஆக வேண்டுமானால், முதலில் முருகையன் கடை இருந்தாக வேண்டும்.

இதை அமிர்தவல்லி எல்லோருக்கும் முன்னால் கண்டுகொண்டாள். அவள் பெரம்பலூர் வெங்காய மண்டித் தரகர் வீட்டுப் பெண். எதிராளிக்குச் சரக்கு அவசியம் என்று தெரிந்த நிமிடம், முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். ஏங்க, கிளம்புங்க, நாம வூட்டுக்குப் போவோம், சார் பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும் என்றாள்.

ராஜராஜன் துள்ளி எழுந்தார். போகவேண்டாம், பேசிக்கொள்ளலாம் என்றார். ஆனால் இலையும் கையுமாக ஊரே சுற்றி நிற்கும்போது, விருது வாங்கிய செயல் அலுவலர் ஒரு டிபன் கடைக்காரரோடு பேரம் பேசுவது எப்படி? நைனா முகமது பாய் முன்னே வந்தார். அவருடைய அத்தா அந்தக் காலத்தில் மாட்டுச் சந்தை நடத்தியவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, ராஜராஜனின் வலது கையையும் முருகையனின் வலது கையையும் அதற்குள் மூடினார். சந்தையில் மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்கு எதுவும் தெரியாது, கௌரவம் கெடாது.

“ஒரு வெரல்னா கடை உண்டுன்னு ஒப்புக்கறது. ரெண்டு வெரல்னா உரிமம். மூணு வெரல்னா குப்பை” என்று பாய் இருவர் காதிலும் ரகசியமாகச் சொன்னார். வேடிக்கை பார்த்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

ராஜராஜன் ஒரு விரலைப் பிடித்தார். முருகையன் மனைவியைப் பார்த்தார். அமிர்தவல்லி குப்பை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை உருவப் போனார். ராஜராஜன் அவசரமாக இரண்டாவது விரலையும் பிடித்தார். இயந்திரம் இயங்காத நேரத்தில் அலுவலர் நேரில் வந்து கைப்பட எழுதி உரிமம் தரலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு, அதன்படி இப்போதே எழுதித் தருகிறேன், அதில் தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கும், எனக்கும் அது சாட்சி என்றார். முருகையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போதும் என்று சொல்ல வாயெடுத்தார்.

“மூணாவது வெரலு சும்மா இருக்கு பாருங்க” என்றாள் அமிர்தவல்லி.

அங்கேதான் ராஜராஜன் உடைந்து போனார். குப்பை எப்போதோ அள்ளியாகிவிட்டது, விருதும் வாங்கியாகிவிட்டது, அள்ளிய குப்பையை மறுபடி அள்ள ஆளும் வண்டியும் அனுப்பினால் தணிக்கையில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். உண்மையாகவே கண்ணில் நீர் தளும்பியது. பாய்க்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆளும் வண்டியும் பேரூராட்சியுடையதாக இருந்தால்தானே தணிக்கை என்று அவர் ஒரு வழி சொன்னார். வெங்காய மண்டி டிராக்டரை அவரே வரவழைத்தார். மண்வெட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஆள்தான் வேறு இல்லை.

ராஜராஜன் உரிமத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்துவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டார். தமிழழகனும் மடித்துக்கொண்டார். அரக்கை உடைத்துக் கதவைத் திறந்து, அமிர்தவல்லி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் மத்தியானச் சாம்பாருக்குத் தாளிக்கும் நேரத்துக்குள், பேரூராட்சி தோன்றிய நாள்முதல் அசையாத அந்த மேடு டிராக்டரில் ஏறிவிட்டது. கடைச் சுவர் அடிவரைக்கும் தெரிந்தது. முருகையன் போய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

ராஜராஜனுக்கு மூச்சு வாங்கியது. சட்டை முழுக்க வெங்காயச் சருகு. ஆனால் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு களை வந்திருந்தது. கூட்டின தரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்ட பூரிப்பில் பழக்கம் அவரை மீறிக்கொண்டு வந்தது. கடையை விட்டு நன்றாகத் தள்ளி, டிராக்டருக்குப் பக்கத்தில், கையில் மண்வெட்டியோடு நிமிர்ந்து நின்று, “சுமதி, இதை ஒரு படம் எடும்மா. இதுதான் நெஜம்” என்றார்.

சுமதி எடுத்தாள். ஏற்றினாள். திரையைப் பார்த்தாள்.

“எப்படி வந்திருக்கு?”

“தரை நல்லா வந்துருக்கு சார்.”

“நான்?”

சுமதி கருவியைத் திருப்பிக் காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுத்தமான செம்மண் தரை. அதில் வேண்டாதது எது என்று தேடிய செயலி, நடுவில் தனியாக நின்ற ஒரே ஒரு உருவத்தைக் கண்டுபிடித்து எடுத்திருந்தது. அந்த ஓட்டையை, பக்கத்து டிராக்டரில் இருந்ததைப் பார்த்து, ஆள் உயரத்துக்கு நிரப்பியிருந்தது. இளநீர்க் கூடு, கோழி இறகு, மேலே கொஞ்சம் வெங்காயச் சருகு.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலையைப் பார்த்தார்கள்.

“நீக்கிடவா சார்?” என்று சுமதி விரலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

“வேணாம்மா, இருக்கட்டும்” என்றாள் உள்ளேயிருந்து வந்த அமிர்தவல்லி, ராஜராஜனுக்கு இலை போட்டுக்கொண்டே. “இத்தனை நாள்ல இன்னிக்கித்தான் உள்ளது உள்ளபடி விழுந்துருக்கு.”